பறித்தார்களா, பக்கத்தில் கட்டினார்களா: மார்கரெட் ஆர்ச்சரின் கல்விச் சமூகவியல் நூல்

உலகில் முதலில் தொழில்மயமான நாடு இங்கிலாந்து. ஆனால் பள்ளி போதாத ஊர்களில் வரிப்பணத்தில் பள்ளி கட்ட வழிசெய்த சட்டம் அங்கே 1870இல்தான் வந்தது. இடைநிலைக் கல்வி உள்ளாட்சிகளின் கைக்கு வர 1902 ஆயிற்று. பெரும்பாலும் உழவர் நாடாக இருந்த பிரான்ஸிலோ, நெப்போலியன் 1808இலேயே கல்வி முழுவதையும் சட்டப்படி ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து, அதற்கு வெளியே யாரும் பள்ளி திறக்கக் கூடாது என்று ஆணையிட்டுவிட்டார். ‘ஆலைக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால் பள்ளி வந்தது’ என்று வகுப்பறைகளில் சொல்லித் தரப்படும் விளக்கம் இந்தத் தேதிகளுக்கு முன்னால் நிற்காது.

பின் எதுதான் விளக்கம்? அதைத் தேடித்தான் மார்கரெட் ஆர்ச்சர் எண்ணூறு பக்கம் எழுதினார். ‘சோஷியல் ஒரிஜின்ஸ் ஆஃப் எஜுகேஷனல் சிஸ்டம்ஸ்’ என்ற அந்த நூலை 1979இல் லண்டன் சேஜ் நிறுவனம் வெளியிட்டது. 1984இல் மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பு வந்தது. 2013இல் ரௌட்லெட்ஜ், ‘விமர்சன யதார்த்தவாதச் செவ்வியல் நூல்கள்’ வரிசையில் முழு நூலையும் ஆசிரியரின் புதிய முன்னுரையோடு மறுபடி கொண்டுவந்தது. ஆர்ச்சர் வார்விக் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர், சர்வதேசச் சமூகவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர், 2023இல் காலமானார்.

வரிசையின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். விமர்சன யதார்த்தவாதம் (சமூகக் கட்டமைப்புகள் நம் எண்ணத்துக்கு அப்பாலும் உண்மையில் உள்ளவை என்னும் தத்துவப் போக்கு) என்றதும் அதைத் தொடங்கிய ராய் பாஸ்கரின் தத்துவச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். சமூக அறிவியல் பற்றிய பாஸ்கரின் முக்கிய நூலும் இதே 1979இல்தான் வந்தது. ஆர்ச்சரின் கையில் அப்போது இருந்தவை வேறு: வால்டர் பக்லியிடமிருந்து எடுத்த ‘மார்ஃபோஜெனசிஸ்’ என்ற உருவெடுப்புக் கருத்து, டேவிட் லாக்வுட்டிடமிருந்து எடுத்த சமூக ஒருங்கிணைப்பு (மனிதர்களுக்கு இடையே), அமைப்பு ஒருங்கிணைப்பு (அமைப்பின் பாகங்களுக்கு இடையே) என்ற பிரிவினை, கொடுக்கல் வாங்கல் பற்றிய பீட்டர் பிளாவின் கோட்பாடு. யதார்த்தவாதத் தத்துவம் பின்னால் வந்து இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரமாகச் சேர்ந்தது. முதலில் வீடு, பிறகு கடைக்கால் என்பது விசித்திரம்தான். ஆனால் அதனாலேயே இந்த நூலில் தத்துவம் காற்றில் பறக்கவில்லை. 1995இல் அவர் எழுதிய கோட்பாட்டு நூலை மட்டும் படித்துவிட்டு ‘ஆர்ச்சர் வெறும் சூத்திரக்காரர்’ என்பவர்கள் இதைப் புரட்டாதவர்கள்.

அடிப்படைச் சூத்திரம் மூன்று கட்டம் கொண்டது. முன்பே இருக்கும் கட்டமைப்பு மனிதர்களுக்கு ஒரு களத்தை விதிக்கிறது; அந்தக் களத்தில் குழுக்கள் மோதுகின்றன, பேரம் பேசுகின்றன; அதன் முடிவில் கட்டமைப்பு புது வடிவம் எடுக்கிறது, அல்லது பழையபடியே நிலைக்கிறது. அந்த முடிவே அடுத்த சுற்றின் தொடக்கம். இதில் உயிரான பொருள் காலம். களம் முந்தையது, செயல் பிந்தையது. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டால் எது எதை மாற்றியது என்று சொல்லவே முடியாது என்பது ஆர்ச்சரின் பிடிவாதம். பின்னாளில் அவர் தந்த கியூபா எழுத்தறிவு உதாரணம் இதைச் சுலபமாக்கும். எழுத்தறிந்த ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 25 சதவீதம் பேருக்கு எழுத்துத் தெரிந்தால் இரண்டே சுற்றில் வேலை முடிந்துவிடும். 5 சதவீதமே என்றால் நான்கு சுற்று ஓடியும் 80 சதவீதத்தில்தான் நிற்கும். உற்சாகமும் ஆணையும் இரு இடத்திலும் ஒன்றே. வித்தியாசத்தை உண்டாக்குவது, இன்று உயிரோடு இல்லாதவர்களும் சேர்ந்து விட்டுச்சென்ற தொடக்க நிலை.

நூலின் கட்டுமானமும் இதே அச்சில் வார்த்ததுதான். மொத்தம் எட்டு அத்தியாயம். முதலாவது கோட்பாடு. 2 முதல் 4 வரை முதல் பாகம்: அரசுக் கல்வி அமைப்பு எப்படிப் பிறந்தது. 5 முதல் 8 வரை இரண்டாம் பாகம்: பிறந்த பின் அது எப்படி மாறுகிறது. இரு பாகங்களும் கட்டமைப்பு, மோதல், புது வடிவம் என்ற அதே வரிசையில் நடக்கின்றன. எடுத்துக்கொண்ட நாடுகள் நான்கு: இங்கிலாந்து, பிரான்ஸ், டென்மார்க், ரஷ்யா.

முதல் பாகம்தான் நூலின் நெஞ்சு. அரசு வருவதற்கு முன்னால் கல்வி ஒரு தனியார் சொத்து என்ற இடத்தில் ஆர்ச்சர் தொடங்குகிறார். சொத்துக்காரர் திருச்சபை. கட்டடம், பணம், வாத்தியார் மூன்றும் அதனுடையவை. அதனால் பள்ளி அந்த ஒரே நிறுவனத்தோடு பிணைந்து கிடந்தது. அதற்குத் தேவையானதை மட்டும் தந்தது. மற்றவர்களில் சிலருக்கு அந்தப் படிப்பு தற்செயலாகப் பயன்பட்டது, அவர்கள் வாய் திறக்கவில்லை. சிலருக்குத் தடையாக நின்றது, அவர்கள்தான் எதிர்த்து எழுந்தார்கள். எதிர்ப்பவருக்கு மூன்று தேவை: பேரம் பேசும் பலம், நியாயம் சொல்லும் ஒரு கருத்தியல், காரியம் நடத்தும் அமைப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கூட்டம் கூடும், கலையும், பள்ளி மாறாது. சொத்துக்காரரிடமும் மூன்று கருவி உண்டு: ஏகபோகம், அடக்குமுறை, தன் உரிமையைக் காக்கும் கருத்தியல்.

எதிர்ப்பவர்களுக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டே. இருப்பதைச் சட்டத்தால் முடக்கிப் பிடுங்குவது ஒன்று. பக்கத்திலேயே தன் பள்ளியைக் கட்டி, பழைய கடையின் வாடிக்கையை இழுப்பது இன்னொன்று. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது விருப்பம் அல்ல, கையிருப்பு. சட்டம் இயற்றும் இடத்தைப் பிடித்தவர் முடக்கலாம். அந்த இடம் எட்டாமல் பணமும் ஆளும் மட்டும் உள்ளவர் கட்டத்தான் முடியும்.

பிரான்ஸைப் பாருங்கள். ஏசு சபையாரின் கல்லூரிகள் 1762இலேயே மூடப்பட்டன. புரட்சி வந்ததும் 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்து நாட்டுடைமை ஆனது. 1792இல் துறவற சபைகள் கலைக்கப்பட்டன. பிடுங்கியாயிற்று. பதிலுக்கு வைக்க என்ன இருந்தது? காகிதம். தத்துவவாதி கோன்டோர்செ தன் புகழ்பெற்ற கல்வித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் படிக்கத் தொடங்கிய 1792 ஏப்ரல் 20ஆம் தேதியன்றுதான் பிரான்ஸ் ஆஸ்திரியா மீது போர் தொடுத்தது. பணம் போருக்குப் போயிற்று. முடக்கும் வழியின் இயல்பான சிக்கல் இது: பழையதை இடிக்கச் சட்டம் போதும், புதிதாகக் கட்ட நாடு முழுவதற்கும் கஜானா வேண்டும். அந்தக் கஜானா அரசிடம் மட்டுமே உண்டு. ஆகவே எந்தக் கட்சி இடித்தாலும் கட்டுவது அரசு. கட்டும்போது தனக்கு வேண்டியபடி கட்டும். 1802இல் லீசே என்னும் அரசு இடைநிலைப் பள்ளிகள், 1808இல் ‘பேரரசுப் பல்கலைக்கழகம்’. பெயர்தான் பல்கலைக்கழகம், உண்மையில் அது தொடக்கப்பள்ளி முதல் பட்டம் வரை எல்லாவற்றுக்குமான நிர்வாக எந்திரம். தலைமை ஆசான் ஒருவர், அவருக்குக் கீழே கல்வி மண்டலங்கள், எல்லோருக்கும் ஒரே பட்டத் தேர்வு. பிடுங்கியவர்கள் கேட்டது இதையல்ல.

இங்கிலாந்தில் கதை நேர்மாறு. ஆங்கிலிகன் திருச்சபையைச் சட்டத்தால் தொட முடியாது, நாடாளுமன்றமே அவர்களுடையது. ஆக்ஸ்ஃபோர்டில் சேரவே 39 மதக் கோட்பாடுகளுக்குக் கையெழுத்து வேண்டும்; கேம்பிரிட்ஜில் மாற்றுச் சபையார் (ஆங்கிலிகன் அல்லாத புராட்டஸ்டன்டுகள்) படிக்கலாம், பட்டம் வாங்க முடியாது. ஆனால் வியாபாரத்தில் பணம் சேர்த்த அந்த மாற்றுச் சபையாரைப் பள்ளி கட்டவிடாமல் தடுக்க யாராலும் முடியவில்லை. அவர்கள் பக்கம், மூத்த மாணவரே இளையவருக்குக் கற்பிக்கும் லங்காஸ்டர் முறைப் பள்ளிகளின் சங்கம். அதற்குப் போட்டியாக 1811இல் திருச்சபையின் நேஷனல் சொசைட்டி. 1826இல் மத நிபந்தனை இல்லாத கல்லூரி லண்டனில் தோன்றுகிறது. மூன்றே ஆண்டில் பதிலடியாகத் திருச்சபைத் தரப்பின் கிங்ஸ் கல்லூரி. எதிரெதிர் ஜவுளிக்கடைக்காரர்கள் போல இரு தரப்பும் கட்டிக்கொண்டே போனார்கள். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் கடையைச் சாத்தவும் இல்லை. போட்டிச் செலவு தாங்காமல் இருவருமே அரசின் பணத்துக்குக் கை நீட்டினார்கள். 1833இல் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு ஒதுக்கியது. அதுவும் நன்கொடை திரட்டிக் காட்டும் அந்தச் சங்கங்கள் வழியாகத்தான். 1870 சட்டம் இடைவெளியை மட்டும் நிரப்பியது. 1902இல் சுமார் 2,500 பள்ளி வாரியங்களைக் கலைத்து உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தபோதும், திருச்சபைப் பள்ளிகள் உள்ளே சேர்க்கப்பட்டனவே தவிர அழிக்கப்படவில்லை. ‘எங்கள் வரியில் அவர்கள் வேதமா’ என்று மாற்றுச் சபையார் வரிகட்ட மறுத்துச் சிறை சென்றதும் நடந்தது. இன்றும் இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மதச் சார்புள்ளது. ஒரு முட்டுக்கட்டை நிரந்தரக் கட்டடமாகிவிட்ட கதை.

ஆக, பிடுங்கிய நாடுகளில் மையம் குவிந்த அமைப்பு. பக்கத்தில் கட்டிய நாடுகளில் பரவலான அமைப்பு. முன்னதில் ஒருமையும் படிநிலை ஒழுங்கும் ஓங்கும். பின்னதில் வேறுபாடும் சிறப்புத் தனித்தன்மையும் ஓங்கும். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்ல ஆர்ச்சர் எடுக்கும் பக்கங்களில் வீண் பக்கம் குறைவு.

இரண்டாம் பாகம் இதன் விளைவைத் துரத்துகிறது. அமைப்பு பிறந்த பின் அதை மாற்ற மூன்று வாசல்: ஆசிரியர்களே உள்ளிருந்து தொடங்குவது, வெளியார் பணமும் வசதியும் கொடுத்துச் சேவை வாங்குவது, அரசியல் வழியாகக் காய் நகர்த்துவது. பரவலான அமைப்பில் மூன்றும் திறந்திருக்கும். அதனால் மாற்றம் சிறிதுசிறிதாக, எந்நேரமும், சத்தமில்லாமல் நடக்கும். மையம் குவிந்த அமைப்பில் மூன்றாவது வாசல்தான் அகலம். குறைகள் தலைநகரை அடைந்து, கட்சியாகி, சட்டமாகும் வரை எதுவும் நகராது. நகரும்போது மொத்தமாக நகரும். நின்று நின்று பாயும் இந்த நடைக்கு 1968ஐ விடத் தெளிவான சான்று இல்லை. மாணவர்களின் மே மாதத் தெருப்போர் முடிந்து, கல்வி அமைச்சர் எட்கர் ஃபோரின் பல்கலைக்கழக மசோதா பிரெஞ்சு தேசிய மன்றத்தில் ஒரு எதிர் வாக்குகூட இல்லாமல் தேறி, நவம்பரில் சட்டமானது. ஆண்டுக்கணக்கில் அசையாதது ஆறே மாதத்தில் அசைந்தது. நூல் வந்த பிறகு 1984இல் நடந்ததும் இதே ரகம்: தனியார் பள்ளிகளை அரசு அமைப்போடு இணைக்க முயன்ற, கல்வி அமைச்சர் சவாரியின் மசோதா, ஜூன் 24 பாரிஸ் பேரணிக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது.

இனி குறைகள். முதல் குறை நடை. ஒரே கருத்தை நான்கு பெயர்ச்சொற்களைக் கோத்துச் சொல்வது ஆர்ச்சரின் பழக்கம். ஒரு வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் எழுவாய் மறந்துவிடும். 5ஆம் அத்தியாயம் இதில் மோசம்.

இரண்டாவது, நான்கு நாடுகளும் சம எடை கொண்டவை அல்ல. இங்கிலாந்தும் பிரான்ஸும் சதையோடு வருகின்றன. டென்மார்க் ஒப்பீட்டுக்கு வந்து போகிறது. 1844இல் ரோடிங்கில் தொடங்கிய, கிராமத்து இளைஞர்களுக்கான மக்கள் உயர்பள்ளி, உழவர் இயக்கம், 1903இன் இடைநிலைச் சட்டம் எல்லாம் இருந்தும், 1814 சட்டத்தின் மூலம் அங்கே அரசு முன்கூட்டியே இறங்கிவிட்டது என்பதற்குப் போதிய கனம் கிடைக்கவில்லை. ரஷ்யா இன்னும் சங்கடம். அங்கே எதிர்த்தெழுந்த குழு என்று தனியாக ஒன்றைக் காட்டுவது கடினம். அரசே திருச்சபையைத் தள்ளிவிட்டுத் தன் அதிகாரிகளுக்காகப் பள்ளி கட்டியது. அரசு என்பதைக் குழுக்களில் ஒரு குழுவாக வைக்கும் சட்டகம் ஜார் ஆட்சியில் முனகுகிறது. ஆனால் 1917க்குப் பின் அதே ரஷ்யா நூலுக்குக் கைகொடுக்கிறது. 1920களின் சோதனைப் பள்ளிகளை 1931இன் ஒரே ஒரு மத்தியக் குழுத் தீர்மானம் பழைய பாடவாரி முறைக்குத் திருப்பியது. குருஷேவ் 1958இல் கொண்டுவந்த தொழிற்கல்விச் சீர்திருத்தமும் சில ஆண்டுகளில் மேலிருந்தே பின்வாங்கியது. ஆட்சி தலைகீழானாலும் வாசல் அதே ஒன்றுதான். பிரஷ்யா விடுபட்டது இன்னொரு நஷ்டம். தேவாலயத்தோடு பெரிய சண்டையில்லாமல் அரசு பள்ளியைக் கைக்கொண்ட நாடு அது. சூத்திரத்துக்குக் கடும் பரீட்சையாக இருந்திருக்கும்.

மூன்றாவது, தமிழ் வாசகர்களுக்கு நேரடியாக உறைக்கும் குறை. வெளியார் கொண்டுவந்து திணித்த கல்வி அமைப்புகளை ஆர்ச்சர் வேண்டுமென்றே ஒதுக்கிவிடுகிறார். தானாக முளைத்தவை மட்டுமே அவர் கணக்கு. ஆய்வு முறைக்கு அது நியாயம், ஆனால் உலகின் பாதி வெளியே நிற்கிறது. 1833 வரை இங்கிலாந்துப் பள்ளிக்கு ஒரு பவுண்டுகூடத் தராத நாடாளுமன்றம், அதற்கு 20 ஆண்டு முன்பே, 1813இன் சாசனச் சட்டத்தில் இந்தியக் கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. இங்கிலாந்தில் சபைகளின் சண்டையில் பிறந்த மானிய முறை, 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வழியாக அந்தச் சண்டையே நடக்காத மண்ணுக்கு வந்து சேர்ந்தது. ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்று இன்று நம் ஊரில் தொங்கும் பலகையின் வேர் அங்கேதான். இலங்கையில் 1960 சட்டம் சமய சபைகளின் உதவி பெறும் பள்ளிகளை அரசே எடுத்துக்கொள்ள வழிசெய்தது. பாடநூல் உதாரணம் போன்ற பிடுங்கல். இவற்றை ஆர்ச்சரின் கருவிகளால் ஆராயலாம். ஆனால் சுற்றின் முதல் கட்டத்தில் வெள்ளைக்கார ஆட்சியை எங்கே வைப்பது என்பதை ஆய்வாளரே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, 1988. பரவலான அமைப்பு லேசில் குவியாது என்று நூல் சொல்ல, ஒரே சட்டத்தில் தேசியப் பாடத்திட்டத்தையும் வயதுவாரித் தேர்வுகளையும் கொண்டுவந்தது தாட்சர் அரசு. நூலை ஓரங்கட்ட இது போதும் என்பவர்கள் உண்டு. அவசரம் அது. இங்கிலாந்தில் இன்றும் பொதுத்தேர்வு வாரியங்கள் பல, போட்டி போட்டுக்கொண்டு. ஆசிரியரை நியமிப்பது பெரும்பாலும் பள்ளி. பிரான்ஸில் ஆசிரியர் தேசியப் போட்டித் தேர்வு எழுதி, அமைச்சகம் சொல்லும் ஊருக்குப் போகிறார். 1980களில் பிரான்ஸ் அதிகாரப் பரவல் செய்தபோதும் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்தது கட்டடப் பொறுப்பு. பாடமும் வாத்தியாரும் பாரிஸிடமே தங்கின. இங்கிலாந்தில் உண்மையில் அடைபட்டது முதல் வாசல், அதாவது ஆசிரியர்களின் உள்முயற்சி. அதை ஒரு சட்டம் அடைக்க முடியும் என்பதை ஆர்ச்சர் குறைத்து மதிப்பிட்டார்.

ஆய்வேட்டில் இதைப் பயன்படுத்துபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, மையம் குவிந்தது என்றால் வலுவான அரசு என்று பொருள் கொள்வது. அப்படி இல்லை, மாற்றத்துக்கான கோரிக்கை எந்த வாசலில் வரிசை நிற்கிறது என்பதுதான் கேள்வி. இன்னொன்று, தேதி குறிக்காமல் சுற்று வரைவது. முதல் கட்டம் எந்த ஆண்டில் முடிகிறது, அப்போது கட்டடம் யாருடையது, சம்பளம் யார் தந்தது, வாத்தியாரை யார் நியமித்தது என்ற நான்குக்கும் விடை எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால், கிடைப்பது சூத்திரம் பூசிய வரலாற்றுச் சுருக்கம் மட்டுமே. மூன்றாவது, எதிர்த்தவர்களை மட்டும் எழுதி, பயன்பெற்று வாய் மூடி இருந்தவர்களை விட்டுவிடுவது. பல நாடுகளில் மாற்றம் தள்ளிப்போனதே அவர்களால்தான்.

படிக்கும் வரிசை: 2, 4, அதன்பின் 1. அங்கே நின்று பிடித்திருந்தால் 3. அது நீளமானது, நாடு நாடாகப் படிக்கலாம். பிரான்ஸ், ரஷ்யா மட்டும் வேண்டுபவர்களுக்கு 6. இங்கிலாந்து, டென்மார்க்குக்கு 7. 8ஐக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். 1984 பதிப்பு தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் போதும், ஆனால் அதில் வெட்டுப்பட்டது பெரும்பாலும் வரலாற்று விவரம். சூத்திரம் எலும்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முனைவர் ஆய்வுக்கு முழு நூலே வேண்டும், வாங்குவதானால் 2013 பதிப்பு. அதன் முன்னுரையை மட்டும் முதலில் படித்துவிடாதீர்கள். முப்பது ஆண்டு கழித்து எழுதியவர் தன் இளமைக்கால நூலுக்குத் தத்துவச் சட்டை மாட்டிப் பார்க்கிறார். அதைக் கண்டபின், 1979இல் இருந்த நூலைத் தனியாகப் பார்க்கக் கண் பழகாது.